புயலின் உருவமும் கணிப்பொறியின் கணக்கும்

முன்னுரை

ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் காவிரிப் பாசனப் பகுதியில் வாழும் நமக்கு இரண்டு கவலைகள் வந்துவிடும். ஒன்று, மழை வேண்டிய அளவு பெய்யுமா என்பது. மற்றொன்று, அந்த மழையோடு புயலும் வருமா என்பது. நம் ஊர்ப் பெரியவர்கள் ஆண்டுகளைப் புயலை வைத்தே எண்ணுவார்கள். “ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் புயலில் பிறந்தவன்” என்றும், “எழுபத்தேழு புயலுக்கு அடுத்த வருஷம் கட்டிய வீடு” என்றும் அவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். 1952 நவம்பர் 30-ஆம் நாளும், 1977 நவம்பர் 12-ஆம் நாளும் நாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்த புயல்கள் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றன.

நம் வேளாங்கண்ணித் திருத்தலத்தின் வரலாற்றிலும் ஒரு புயல் உண்டு. மக்காவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் வங்கக் கடலில் புயலில் சிக்கி, அன்னை மரியாளை வேண்டி, அன்னையின் பிறந்த நாளான செப்டம்பர் 8-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கரை சேர்ந்தார்கள் என்பது மரபு. அந்த மாலுமிகளுக்குப் புயல் வருவது தெரியாது. இன்று நமக்குச் சில நாள்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரிவிப்பதில் கணிப்பொறிக்குப் பெரும் பங்கு உண்டு. அது எவ்வாறு கணக்கிடுகிறது, அந்தக் கணக்கை நாம் எவ்வாறு புரிந்துகொள்ள வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கஜா கற்பித்த பாடம்

2018 நவம்பரில் வந்த கஜா புயலின்போது நாங்கள் சிறு பிள்ளைகள். ‘கஜ’ என்றால் யானை. அந்தப் பெயரைக் கொடுத்தது இலங்கை. புயல் 15-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பிறகு, அதாவது 16-ஆம் நாள் அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முன்னதாகவே எச்சரிக்கை கிடைத்ததால் 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களில் தங்க வைக்கப்பட்டார்கள். அப்படியிருந்தும் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அன்று எங்கள் வீடுகளில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எங்கே கரையைக் கடக்கிறது?” நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே என்று தெரிந்ததும், கடற்கரையிலிருந்து தள்ளி இருந்தவர்கள், “பாவம், நாகைக்காரர்கள்” என்று சொல்லிப் படுத்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் காட்டிய கோடு கடற்கரையில் முடிந்தது. ஆகவே புயலும் கடற்கரையில் முடிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டோம்.

விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் தென்னந்தோப்புகள் இல்லை. கரையைக் கடந்த இடத்திலிருந்து பட்டுக்கோட்டை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மேற்கே உள்ளது. 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள புதுக்கோட்டையிலும் மரங்கள் சாய்ந்தன. ஒரு தென்னை நன்கு காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். பிள்ளையைப் போல வளர்த்த மரங்கள் ஓர் இரவில் விழுந்துகிடந்ததைக் கண்டு தோப்புக்குள் உட்கார்ந்து அழுத தாத்தாக்களை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம்.

புயல் வரும் இடத்தையும் நேரத்தையும் எச்சரிக்கை சொன்னது. ஆனால் நாம் புயலை ஒரு புள்ளியாக நினைத்துவிட்டோம். அதற்கு ஓர் உடல் உண்டு. அந்த உடல் வழியிலேயே மாறிக்கொண்டும் இருக்கும். இந்த ஆண்டு அறிவியல் வகுப்பில் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் இந்த உண்மை எங்களுக்குப் புரிந்தது.

புயலின் உடல்

புயலுக்கு உணவு வெதுவெதுப்பான கடல்நீர். கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு மேல் இருக்கும்போது நீர் ஏராளமாக ஆவியாகிறது. அந்த ஆவி மேலே எழுந்து குளிர்ந்து மீண்டும் நீர்த்துளியாகும்போது, தன்னுள் வைத்திருந்த உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பத்தால் காற்று மேலும் இலேசாகி இன்னும் வேகமாக மேலே செல்கிறது. கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் வளைந்து வருகிறது. நம் பகுதி பூமியின் வடபாதியில் இருப்பதால், கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் அது சுழல்கிறது.

நன்கு வளர்ந்த புயலில் மூன்று பகுதிகளைக் காணலாம். நடுவில் இருப்பது ‘கண்’. அங்கே காற்று மேலிருந்து கீழிறங்கி வெப்பமடைவதால் மேகம் குறைந்து அமைதியாக இருக்கும். கண்ணைச் சுற்றி வளையமாக நிற்கும் இடிமேகக் கூட்டம் ‘கண் சுவர்’. மிகக் கொடிய காற்று வீசுவது இங்கேதான். அதற்கு வெளியே சுருள் சுருளாக நீண்டு கிடப்பவை ‘மழைப் பட்டைகள்’. அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரை பரவியிருக்கும்.

கண் ஓர் ஊரின் மேல் வரும்போது காற்று சட்டென்று அடங்கிவிடும். புயல் போய்விட்டது என்று எண்ணி வெளியே வருபவர்கள் உண்டு. சிறிது நேரத்தில் கண் சுவரின் மறுபக்கம் வந்து, எதிர்த்திசையிலிருந்து காற்று தாக்கும். ஒரு பக்கம் ஆடி வேர் தளர்ந்த மரம் மறுபக்கம் அடிக்கும்போது விழுந்துவிடும். எனவே அந்த அமைதியை நம்பி யாரும் வெளியே வரலாகாது.

கணக்கு தொடங்கிய கதை

கணிப்பொறி வருவதற்கு முன் வானத்தைக் கூர்ந்து பார்த்தே புயலை முன்னறிந்தார்கள். கியூபா நாட்டில் ஹவானா நகரின் பெலன் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி பெனிட்டோ வின்யேஸ் அடிகளார், உயரத்தில் ஓடும் மெல்லிய மேகங்களின் போக்கைக் கொண்டு புயலின் இருப்பிடத்தைக் கண்டறிந்து, 1875 செப்டம்பரில் மக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டார். துறவற வாழ்வும் அறிவியலும் கைகோத்து நடந்ததற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும் என்று முயன்றவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் ஊர்தியை ஓட்டிக்கொண்டே, ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட்டார். விடை முற்றிலும் தவறாக வந்தது. அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று கணக்கு சொன்னது. உண்மையில் அது ஏறக்குறைய மாறவே இல்லை. ஆயினும் அவர் தம் தவற்றை மறைக்கவில்லை. 1922-இல் வெளியிட்ட நூலில் அதை அப்படியே எழுதினார். 64,000 பேர் ஒரு மண்டபத்தில் அமர்ந்து கணக்கிட்டால் வானிலையை முந்தலாம் என்றும் கனவு கண்டார்.

அக்கனவு 1950-இல் எனியாக் என்னும் கணிப்பொறியால் நனவாகத் தொடங்கியது. ஒரு நாள் வானிலையைக் கணக்கிட அதற்கும் ஏறத்தாழ ஒரு நாள் பிடித்தது. அந்த முயற்சியில் கிளாரா வான் நியூமன் என்ற பெண்மணி கணிப்பொறிக்குரிய கட்டளைகளைச் சரிபார்த்துக் கொடுத்தார். 1969-இல் ஜப்பானியரான கட்சுயுகி ஓயாமா, புயல் ஒன்று பிறந்து வளர்ந்து தளரும் முழு வாழ்க்கையையும் கணிப்பொறியில் நடத்திக் காட்டினார்.

வயலும் வரப்பும்

கணிப்பொறி என்னதான் செய்கிறது? நம் வயலை எண்ணிக்கொண்டால் எளிதில் விளங்கும். வாய்க்காலிலிருந்து மடை வழியாக நீர் முதல் வயலுக்கு வருகிறது. அங்கிருந்து அடுத்த வயலுக்குப் போகிறது. ஒரு வயலில் இப்போது எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை எப்படி அறிவது? முன்பு நின்ற நீருடன் உள்ளே வந்ததைக் கூட்டி, வெளியே போனதைக் கழித்தால் போதும். எல்லா வயல்களுக்கும் இப்படிக் கணக்குப் போட்டால், கடைமடை வயலுக்கு நீர் எப்போது வரும் என்பதும் தெரிந்துவிடும்.

கணிப்பொறியும் காற்று மண்டலத்தை இவ்வாறே வரப்பிட்டுப் பிரிக்கிறது. நீளம், அகலம் மட்டுமன்றி உயரத்திலும் அடுக்கடுக்காகப் பிரிப்பதால் அவை வயல்களாக இல்லாமல் பெட்டிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் காற்றின் வேகம், அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவை குறிக்கப்படுகின்றன. பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. இதற்கு அது பயன்படுத்துபவை நாம் படிக்கும் நியூட்டனின் இயக்க விதிகளும், வெப்பத்தைப் பற்றிய விதிகளுமே. சில விநாடிகளோ நிமிடங்களோ கழித்து என்ன ஆகும் என்று கண்டு, அந்த விடையை வைத்து அடுத்த சில விநாடிகளுக்குக் கணக்கிடுகிறது. இப்படியே அடி அடியாக ஐந்து நாள், பத்து நாள் வரை செல்கிறது.

வரப்புகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே முக்கியம். ஒரு வேலி நிலத்தை ஒரே வயலாக நினைத்துச் சராசரி நீர் மட்டம் சொன்னால், அதற்குள் ஒரு மேடு காய்ந்து கிடப்பதும் ஒரு பள்ளத்தில் பயிர் அழுகுவதும் தெரியாது. மா மாவாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். புயலின் கண்ணும் அப்படித்தான்.

நாங்கள் செய்து பார்த்த கணக்கு

இதை எங்கள் அறிவியல் ஆசிரியை கட்டம் போட்ட தாளில் செய்து பார்க்கச் சொன்னார். நீங்களும் செய்து பார்க்கலாம். புயலின் நடுவே 36 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, அதை 4 கிலோமீட்டர் கொண்ட ஒன்பது கட்டங்களாகப் பிரித்தோம். ஒவ்வொரு கட்டத்திலும் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று எழுதிக்கொண்டோம். இவை எந்தப் புயலிலும் அளந்த எண்கள் அல்ல. விளங்கிக்கொள்வதற்காக நாங்களே வைத்துக்கொண்டவை.

70, 90, 120, 60, 10, 60, 120, 90, 70.

இதில் நடுவிலுள்ள 10 என்பது கண். இருபுறமும் உள்ள 120 என்பவை கண் சுவர்.

அடுத்து மூன்று மூன்று கட்டங்களைச் சேர்த்து 12 கிலோமீட்டர் கட்டங்களாக்கிச் சராசரி கண்டோம். 93, 43, 93 என்று வந்தது. கண் மங்கலாகத் தெரிகிறது. ஆனால் 120 எங்கே போயிற்று? பிறகு ஒன்பதையும் சேர்த்து ஒரே கட்டமாக்கினோம். ஏறத்தாழ 77 என்று வந்தது. கண்ணும் இல்லை, சுவரும் இல்லை.

77-க்கும் 120-க்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. காற்று ஒரு மரத்தைத் தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். கணக்குப் பார்த்தால் 120-இல் வீசும் காற்று, 77-இல் வீசும் காற்றைப்போல் ஏறத்தாழ 2.4 மடங்கு விசையுடன் தள்ளுகிறது. முன்னதற்கு ஆடித் தப்பிக்கும் தென்னை பின்னதற்கு முறிந்துபோகலாம். இத்தனைக்கும் கணக்கில் எங்கும் பிழை இல்லை. கட்டம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் கட்டங்களை மிகச் சிறியவையாக ஆக்கிவிடலாமே என்று ஒரு தோழி கேட்டாள். அதற்கும் விலை உண்டு. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு, ஆக நான்கு மடங்கு கட்டங்கள். சிறிய கட்டத்தைக் காற்று விரைவில் தாண்டிவிடும் என்பதால் கால அடியையும் பாதியாக்க வேண்டும். ஆக வேலை எட்டு மடங்காகிறது. உலகின் பரப்பு ஏறத்தாழ 51 கோடி சதுர கிலோமீட்டர். 12 கிலோமீட்டர் கட்டமென்றால் ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 35 இலட்சம் கட்டங்கள். 6 கிலோமீட்டரென்றால் ஒரு கோடியே 41 இலட்சம். கணக்கு முடிவதற்குள் புயல் வந்துவிட்டால் பயன் என்ன? அதனால்தான் மிகப் பெரிய கணிப்பொறிகள் தேவைப்படுகின்றன. 2024 செப்டம்பரில் நம் நாட்டில் புனே நகரில் ‘அர்க்கா’, நொய்டாவில் ‘அருணிகா’ என்னும் மீக்கணிப்பொறிகள் தொடங்கி வைக்கப்பட்டன. 2025 மே மாதத்தில் 6 கிலோமீட்டர் கட்டங்களைக் கொண்ட ‘பாரத் முன்கணிப்பு அமைப்பு’ பயன்பாட்டுக்கு வந்தது.

நாற்றைப் பிடுங்கி நடுவது போல

உலகம் முழுவதற்கும் மிகச் சிறு கட்டம் போட முடியாவிட்டாலும் புயலுக்கு மட்டும் போடலாம் அல்லவா? அறிஞர்கள் அவ்வாறே செய்கிறார்கள். பெரிய கட்டத்துக்குள் சிறிய கட்டம், அதற்குள் இன்னும் சிறிய கட்டம் என்று வைக்கிறார்கள். புயலுக்கென்றே அமைந்த சில கணிப்பு முறைகளில் உள்கட்டம் 2 கிலோமீட்டர் அளவுக்குச் சிறிதாக இருக்கும். தாய்ப் பசு போகுமிடமெல்லாம் கன்று போவதுபோல், புயல் நகர நகர அந்த உள்கட்டமும் கூடவே நகரும். கண்ணும் கண் சுவரும் அதில் தெளிவாகத் தெரியும்.

கணக்கு சரியாக வரத் தொடக்கமும் சரியாக இருக்க வேண்டும். நடுக்கடலில் வானிலை நிலையங்கள் இல்லை. ஆகவே இன்சாட் செயற்கைக்கோள்கள் மேலிருந்து மேகங்களைப் படம் எடுக்கின்றன. கடலில் மிதவைகள் அளந்து அனுப்புகின்றன. நமக்கு அருகிலேயே காரைக்காலில் பலூன் பறக்கவிட்டு மேல் காற்றை அளக்கிறார்கள். அங்குள்ள டாப்ளர் ராடார், மழைத்துளிகள் தன்னை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்பதைக் கொண்டு காற்றின் வேகத்தையும் சொல்கிறது. கஜா கரையை நெருங்கியபோது அதனைக் கண்காணித்த ராடார்களுள் அதுவும் ஒன்று.

சில வேளைகளில் கணிப்பொறிக்குள் இருக்கும் புயல் ஓரிடத்திலும், கடலில் இருக்கும் உண்மைப் புயல் வேறோரிடத்திலும் இருக்கும். அப்போது கணிப்பொறிப் புயலை அதன் இடத்திலிருந்து எடுத்து, செயற்கைக்கோள் காட்டும் இடத்தில் வைத்து, அதன் அளவையும் வலுவையும் திருத்துகிறார்கள். நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பிடுங்கி, வேண்டிய இடத்தில் நடுவதைப் போன்றதே இது. நட்ட நாற்று வேர் பிடிக்கச் சில நாள்கள் ஆவதுபோல, அப்படி வைத்த புயலும் சுற்றியுள்ள காற்றோடு இசைந்து போகச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும்.

கட்டத்தைவிடச் சிறியவையும் உண்டு. தனித்தனி மேகக் கொப்புளங்களையும் அலையின் நுரைத்துளிகளையும் எந்தக் கட்டத்தாலும் பிடிக்க முடியாது. அவற்றின் விளைவை மட்டும் தோராய விதிகளால் மதிப்பிடுகிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதே இதற்கு அடிப்படை. ஆனால் பானை ஒருபுறம் வெந்து மறுபுறம் வேகாமலிருந்தால் அந்த ஒரு சோறு நம்மை ஏமாற்றிவிடும். கணிப்பொறி தவறும் இடங்களுள் இதுவும் ஒன்று.

உருமாறும் புயல்

புயலின் உடல் எவ்வாறெல்லாம் மாறும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது, திடீரென வலுப்பெறுதல். 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் கூடினால் அதை விரைந்து வலுப்பெறுதல் என்பர். ஒரு புயல் எவ்வளவு விரைவில் உருவெடுக்கும் என்பதை 2017-இல் ஒக்கி காட்டியது. நவம்பர் 29-ஆம் நாள் தாழ்வு மண்டலமாக இருந்த அது, மறுநாளே கன்னியாகுமரி அருகே புயலாகிவிட்டது. முன்பே கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களுள் பலர் திரும்பவில்லை. குமரிக் கடற்கரைப் பங்குகளில் அந்தக் கிறிஸ்துமஸ் கண்ணீரோடு கழிந்தது. ‘ஒக்கி’ என்பதற்கு வங்காள மொழியில் கண் என்று பொருள்.

இரண்டாவது, கண் சுவர் மாறுதல். வலுவான புயல்களில் பழைய கண் சுவருக்கு வெளியே இரண்டாவது வளையம் ஒன்று உண்டாகும். வெளி வளையம் ஈரக் காற்றைத் தடுத்துத் தானே எடுத்துக்கொள்வதால் உள் வளையம் வாடிப்போகும். மேல் மடைக்காரர் நீரை மறித்துக்கொண்டால் கீழ் வயல் காய்வதைப் போல எண்ணிக்கொள்ளலாம். அப்போது உச்ச வேகம் சற்றுக் குறைந்தாலும் பலத்த காற்று வீசும் பரப்பு அகலமாகும். வேகம் குறைந்ததை மட்டும் கேட்டு மகிழ்பவர் ஏமாந்துவிடுவார். சிறு கட்டங்கள் கொண்ட கணக்கிலேயே இம்மாற்றம் தெரியும்.

மூன்றாவது, இரு பக்கங்களும் ஒன்றுபோல் இராமை. மேற்கு நோக்கி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் புயலில் காற்று 100 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். வடக்குப் பக்கத்தில் இரண்டும் ஒரே திசை என்பதால் 120 ஆகும். தெற்குப் பக்கத்தில் 80 ஆகும். கடல்நீரை ஊருக்குள் தள்ளுவதும் பெரும்பாலும் அந்த வடக்குப் பக்கமே.

நான்காவது, தரை ஏறிய பின் ஏற்படும் மாற்றம். கடலைவிட்டு வந்ததும் உணவு நின்றுவிடுவதாலும் தரையின் உராய்வாலும் புயல் தளரும். ஆனால் ஓடி வந்த மாட்டுவண்டி மாட்டை அவிழ்த்தவுடன் நின்றுவிடுமா? நம் பகுதி சமவெளி. எதிரே நின்று தடுக்க மலையில்லை. கஜா கரையை நெருங்கும் வேளையிலேயே வலுக்கூடி, அந்த வேகத்தோடு உள்ளே வந்தது. பிறகு தளர்ந்தபடியே மேற்கே சென்று, தமிழகத்தையும் கேரளத்தையும் கடந்து அரபிக் கடலையே அடைந்துவிட்டது.

இதற்கு மாறாக, 2024 நவம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் பல மணி நேரம் நகராமல் நின்றது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கஜா காற்றால் அழித்தது. ஃபெஞ்சல் நீரால் அழித்தது. இரண்டையும் புயல் என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். ஆனால் ஒன்றுக்குச் செய்ய வேண்டிய முன்னேற்பாடு மற்றொன்றுக்குப் போதாது.

ஒரு கணக்குப் போதாது

1961-இல் அமெரிக்க அறிஞர் எட்வர்டு லோரன்ஸ், 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று கணிப்பொறியில் இட்டார். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்த வேறுபாடு, போகப் போக முற்றிலும் வேறொரு வானிலையைக் கொண்டு வந்து நிறுத்தியது. கடலின் மேல் நாம் அளப்பவற்றில் அதைவிடப் பெரிய பிழைகள் உண்டு.

ஆகவே அறிஞர்கள் ஒரே கணக்கை நம்புவதில்லை. தொடக்கத்தைச் சிறிது சிறிது மாற்றிப் பலமுறை கணக்கிடுகிறார்கள். எல்லா விடைகளும் ஓரிடத்தில் கூடினால் நம்பிக்கை கூடும். விடைகள் சிதறினால் எச்சரிக்கையும் அகலமாகும். தொலைக்காட்சியில் புயலின் பாதை போகப் போக விரிந்து காட்டப்படுவது இதனால்தான். அந்த விரிவு, புயலின் நடுப்பகுதி எங்கெல்லாம் செல்லக்கூடும் என்பதையே காட்டுகிறது. தீங்கு அதற்கு வெளியிலும் நேரும் என்பதை நாம் மறக்கலாகாது.

கடந்த இருபது ஆண்டுகளில் புயலின் பாதையைச் சொல்வதில் நல்ல முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. அதன் உருவ மாற்றத்தையும் வலுவையும் சொல்வதில் முன்னேற்றம் மெதுவாகவே வருகிறது. பாதையைப் பெருமளவு தீர்மானிப்பது சுற்றியுள்ள பெரிய காற்றோட்டம். பெரிய கட்டத்திலும் அது தெரியும். வலுவைத் தீர்மானிப்பதோ கண் சுவருக்குள் நடக்கும் சிறு நிகழ்ச்சிகள். நாங்கள் சராசரி கண்டபோது மறைந்துபோன அந்த 120-ஐ நினைத்துப் பாருங்கள்.

நாம் கேட்க வேண்டியவை

எனவே அடுத்த முறை நாகைத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும்போது, “எங்கே, எப்போது” என்பதோடு நாம் நிறுத்திவிடக் கூடாது. பலத்த காற்று எத்தனை கிலோமீட்டர் அகலத்துக்கு வீசும்? நம் ஊர் புயலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அது வலுக்கூடிக்கொண்டு வருகிறதா, தளர்ந்துகொண்டு வருகிறதா? விரைந்து செல்லுமா, நின்று பெய்யுமா? கரையேறிய பின் எத்தனை மணி நேரம் வலுவோடு இருக்கும்? வானிலைத் துறையின் அறிக்கைகளில் இவற்றிற்கும் விடை இருக்கிறது. நம் வீட்டில் தாத்தா, பாட்டிக்கு அவற்றைப் படித்துச் சொல்வது நம்மால் ஆகக்கூடிய வேலை. மாட்டை அவிழ்த்துவிடவும், கூரை வீட்டிலிருப்பவர்களைக் கல்வீட்டுக்கு அழைக்கவும், தென்னையில் முற்றிய காய்களையும் கனத்த மட்டைகளையும் இறக்கிப் பாரத்தைக் குறைக்கவும் அந்தச் சில மணி நேரம் போதும்.

முடிவுரை

இந்திய வானிலைத் துறையின் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தவர் அன்னா மாணி என்னும் பெண்மணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சர் சி. வி. இராமனின் ஆய்வகத்தில் பயின்று, வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1976-இல் ஓய்வு பெற்றார். அளவு பிழையானால் கணக்கும் பிழையாகும் என்பதால், ஒவ்வொரு கருவியும் சரியாக அளக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கண் சுவரின் கணக்கில் இன்னும் தீராத பகுதி நிறைய இருக்கிறது. அதைத் தீர்ப்பவர்களுள் நம் பள்ளியின் மாணவி ஒருத்தியும் ஏன் இருக்கக் கூடாது?

கடலையும் காற்றையும் அதட்டி அமைதிப்படுத்திய ஆண்டவரிடம் புயற்காலங்களில் நாம் செபிக்கிறோம். அதை விடாமல் செய்வோம். அவரே நமக்குத் தந்த அறிவைக் கொண்டு எச்சரிக்கையை முழுதாகப் படித்துப் புரிந்துகொள்வோம். பட்டுக்கோட்டைப் பக்கத்தில் கஜாவுக்குப் பின் நட்ட தென்னம்பிள்ளைகள் இப்போது வளர்ந்து நிற்கின்றன. அடுத்த புயல் வரும் இரவில், “அது நாகைக்குத்தானே” என்று சொல்லி நாம் படுத்துவிடாதிருப்போமாக.

பத்தாம் வகுப்பு மாணவி